ஈரலை நாய்க்கு எறியாதீர்!

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் செஞ்சி வாரச்சந்தையில் ஆட்டு வியாபாரம் சூடுபிடித்துவிடும். பண்டிகை நெருங்கினால், விற்பனை கோடிகளைத் தொட்டதாகச் செய்தி வரும். ஆட்டின் விலையை இவ்வளவு பேசும் நாம், அறுத்த பின் அதன் கழிவு எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ சில நேரம் வெள்ளைத் தோல் போர்த்திய நீர்க்கட்டி தென்படும். விலைபோகாத அந்தத் துண்டைச் சீவி, காத்திருக்கும் நாய்க்கு வீசுவது கிராமத்துக் கறிக்கடையிலும் கிடா வெட்டிலும் சகஜம். கட்டிக்குள் இருப்பவை எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் தலைகள். நாயின் குடலில் சில வாரங்களில் முதிர்ந்துவிடும் இந்தப் புழு 7 மில்லிமீட்டரைத் தாண்டாது. நாய்க்கும் பெரிதாக நோய் தெரியாது. ஆனால் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் மேய்ச்சல் நிலத்திலும் கீரைப் பாத்தியிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மேயும் ஆட்டுக்குள் போனால் மீண்டும் கட்டி. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோறு தின்னும் சிறுவனுக்குள் போனாலும் அதே கட்டிதான். ஆண்டுக்கணக்கில் வலியின்றி வளர்ந்து, ஸ்கேன் எடுக்கும்போதுதான் பல பேருக்குத் தெரியவரும். பிறகு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கும் அலைச்சல், அறுவை சிகிச்சை. கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

குழந்தைகளுக்குத்தான் பூச்சி மாத்திரை கொடுக்கிறோமே என்பார்கள். 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. மண்வழி வரும் குடற்புழுக்களுக்கு அது நல்ல மருந்து. ஈரலில் வளரும் இந்தக் கட்டியை அந்த ஒற்றை மாத்திரை தடுக்காது. இங்கே மருந்து போக வேண்டிய இடம் நாயின் வயிறு.

தெருநாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசியோடு குடற்புழு நீக்கமும் செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருமுறை செய்துவிட்டுக் கணக்கை முடிப்பதில் பயனில்லை. புழுவுள்ள ஈரலை மறுபடி தின்றால் நாய்க்கு மறுபடி புழு. அதனால்தான் ஆண்டுக்கு நான்கு முறையாவது பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்தைக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஊர் நாயையெல்லாம் நான்கு முறை பிடிப்பது நடக்கிற காரியமா? எல்லாவற்றையும் பிடிக்க வேண்டாம். கறிக்கடை வாசலில் கிடப்பவை, பட்டிக்குக் காவல் நிற்பவை எவையென்று ஊருக்கே தெரியும். அவற்றுக்குக் கறித்துண்டில் மாத்திரையை வைத்துக் கொடுத்தால் போதும். ஆடு மேய்க்கும் நாடான ஐஸ்லாந்து, நாய்க்குப் புழு மருந்து, கழிவை நாய்க்குப் போடத் தடை, மக்களுக்கு விளக்கம் என்று இதே வழியில்தான் இந்நோயை ஒழித்தது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை அது.

எனவே செஞ்சி பேரூராட்சி, கறிக்கடைக் கழிவுக்கு மூடியுள்ள ஆழக்குழியைக் கட்டாயமாக்க வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கறிக்கடை, பட்டி நாய்களுக்கு மருந்து தர வேண்டும். அறுத்த ஆட்டின் ஈரலைக் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். நீர்க்கட்டியோடு நோயாளி வந்தால், அவர் ஊரின் பெயரை மருத்துவமனை கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதையொட்டி ஊரைச் சீர்செய்ய இனி வரும் எந்தத் திட்டத்திலும் கழிவுக் குழிக்கே முதல் இடம் வேண்டும். அடுத்த தீபாவளிச் சந்தை கூடுவதற்குள் அது வெட்டப்பட்டிருக்க வேண்டும்.