‘கூடும்’ எங்கே போயிற்று?

2024 நவம்பர் 29 மாலை, மயிலத்தை அடுத்த ஊரிலிருந்து சித்தி அழைத்தார். நான் மர்பி டவுனில் என் வாடகை அறையில் இருந்தேன். “புயல் இல்லைன்னாங்க, இப்ப மறுபடி இருக்குங்கிறாங்க. வருமா, வராதா? நீயாவது சொல்லு.” மொழியியல் படித்த என்னிடம் கேட்கத்தக்க கேள்வியன்று அது என்றே அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஃபெஞ்சல் புயலின் போக்கை நினைவுகூர்வோம். நவம்பர் 26இல் அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாயிற்று. மறுநாள் புயலாகும் என எதிர்பார்க்கப்பட்டது, ஆகவில்லை. 28இல், புயலாகாமலேயே கரையைக் கடக்கும் எனக் கணிப்பு மாறியது. 29 பிற்பகல் புயலாகிவிட்டது! 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, மேலே நகராமல் அங்கேயே நின்றது. டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 செ.மீ. மழை, மறுநாள் காலைக் கணக்கில், கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊத்தங்கரையில் 50 செ.மீ.

கரையேறும் இடத்தைக் கணிப்பதில் வானிலைத் துறை தவறவில்லை. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரியை ஒட்டி என்றே சொல்லிவந்தது. வலிமையும் வேகமுமே பிடிபடவில்லை. புயலை இழுத்துச் செல்வது சுற்றியுள்ள மேலடுக்குக் காற்று. அது தளர்ந்தால் கணினி மாதிரிகள் ஆளுக்கொரு விடை தரும். வரைபடத்தில் விரிந்துசெல்லும் கூம்பு இந்த ஐயத்தின் ஒரு பகுதியைக் காட்டுகிறது. ஒரு பகுதி என்கிறேன். ஏனெனில் அது புயலின் மையம் எங்கே செல்லலாம் என்பதை மட்டுமே குறிக்கும், மழையின் எல்லையை அன்று.

அக்கூம்புக்குத் தமிழில் நிகரானது ‘கூடும்’ என்னும் துணைவினை. துறையின் அறிக்கையில் ‘கடக்கக்கூடும்’ என்றிருப்பது தொலைக்காட்சியின் அடிவரியில் ‘கடக்கும்’ ஆகிறது. நம் எதிர்கால வினை இரட்டை முகம் கொண்டது. “அவர் இந்நேரம் வீட்டில் இருப்பார்” என்பது ஊகம். “சூரியன் கிழக்கே உதிக்கும்” என்பது உறுதி. செய்தி வாசிப்பவரின் குரலில் ‘கடக்கும்’ எப்போதும் இரண்டாம் வகையாகவே கேட்கிறது. நூற்றுக்கு முப்பதும் எண்பதும் ஒரே ‘வாய்ப்பு’க்குள் அடங்கிவிடுகின்றன. (பேரிடருக்கு ‘வாய்ப்பு’ என்கிறோமே, அது தனிக்கதை.)

ஊடகத்தை மட்டும் குறைசொல்வதும் நியாயமன்று. ‘அதி கனமழை’ என்றால் 20 செ.மீ.க்கு மேல், 21ஆயினும் 51ஆயினும் அதே சொல். ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்குத் துறையின் இலக்கணத்தில் கால்பங்கு மழைமானி நிலையங்கள்வரை என்று பொருள்; கேட்பவருக்கோ அது ‘நம்மூரில் இல்லை’ என்பது. “இடம் ஏறத்தாழ உறுதி, எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதில் ஐயம்” என்று எது தெரியும், எது தெரியாது எனப் பிரித்துச் சொல்லும் அறிக்கை நடை வேண்டும். அதை வகுப்பதில் வானிலையாளரோடு மொழியியல் துறைகளும் அமர வேண்டும். வினைத்திரிபை ஆராயும் நாம் இதைக் கைக்கொள்ளாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

டிசம்பர் 1 விடியலில் சித்தி மீண்டும் அழைத்தார். முந்தைய இரவு “புயல் கரையைக் கடந்துவிட்டது” என்று செய்தியில் கேட்டிருக்கிறார். பொய்யில்லை, மையம் கடந்திருந்தது. ஆனால் அந்த ‘விடு’ எல்லாம் முடிந்தது என்றும் சொல்லிவிட்டது. நெல் மூட்டைகளைத் தரையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.