குடும்ப நலம்: பாட்டி ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?



மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 'எங்கள் வீட்டுப் பாட்டி' என்ற தலைப்பில் பத்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தேன். பாட்டி கதை சொல்வார், பாட்டி முருங்கைக்கீரை நன்றாகச் சமைப்பார் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமியின் நோட்டில் மட்டும் இப்படி இருந்தது: "எங்கள் பாட்டி தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் பாய் நனைந்துவிடும். அம்மா ஏசுவார்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த நோட்டை மூடி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்லும் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு அது.

பாட்டி பின்னறையில் உதடு காய்ந்து உட்கார்ந்திருந்தார். மருமகள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கிறவர்.

"நான் கெட்டவ இல்லே டீச்சர். விடிஞ்சா பாயி, போர்வை, கைலி எல்லாத்தையும் தொவைச்சிட்டு வேலைக்கு ஓடணும். அலுப்புல வாய் வந்துடுது" என்று கண் கலங்கினார்.

"அவ மேல குத்தமில்லே டீச்சரம்மா. நானாத்தான் குடிக்கறதில்லே. அவளுக்கு ஏன் சிரமம்?" என்றார் பாட்டி.

ஒருவர் மேல் ஒருவருக்குப் பாசம் இருந்தும், விஷயம் தெரியாததால் இருவருமே வதைபட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வீடுகள் நம் வட்டாரத்தில் நிறைய உண்டு. வெட்கத்தால் யாரும் வெளியே சொல்வதில்லை. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போவது பிடிவாதமும் அல்ல, சோம்பலும் அல்ல. 'வயசானா அப்படித்தான்' என்று கைவிட வேண்டியதும் அல்ல. அதற்குக் காரணம் இருக்கும். பல காரணங்களுக்கு வைத்தியமும் உண்டு.

நம் பாட்டிமார்களை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு பெரட்டுக்குப் போய், காலை முழுதும் பால்மரம் வெட்டி, வாளி வாளியாய்ப் பால் சுமந்தவர்கள். ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்றவர்கள். பிரசவத்தாலும் பாரம் தூக்கியதாலும் இடுப்படியில் சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசை தளர்ந்துவிடுகிறது. இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் சொட்டுவது இதனால்தான். சிலருக்கு அவசரம் வந்த மறுகணமே நிற்காமல் போய்விடும். தாத்தாமார்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைப்பதால், பை நிரம்பிச் சொட்டுச் சொட்டாக வடியும். இன்னும் சிலருக்குப் பை நன்றாகவே இருக்கும். முழங்கால் வலியால் கழிவறைக்குப் போய்ச் சேரத்தான் நேரமாகிவிடும்.

இவை தவிர, இனிப்பு நீர் கட்டுக்கடங்காமல் இருப்பது, சிறுநீர்த்தாரையில் கிருமி, மலச்சிக்கல், சில மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம். அந்தப் பாட்டியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது மூன்று விஷயங்கள் தெரிய வந்தன. சர்க்கரை அதிகம். நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை. உடம்பு நீரை இறக்கும் மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, தண்ணீர் விஷயம். குடிக்காவிட்டால் நனையாது என்பது தவறான கணக்கு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை எரித்து, அடிக்கடி வரவழைக்கும். மலமும் இறுகும். கிருமியும் சேரும். நம் ஊர் வெயிலில் மயக்கமே வந்துவிடும். இருதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் ஒழிய, பகலில் ஆறு முதல் எட்டுக் குவளை வரை சிறுகச் சிறுகக் கொடுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் குறைத்துக்கொள்ளலாம். கோப்பியும் கடுந்தேநீரும் சிறுநீரைத் தூண்டும். மாலைக்கு மேல் அவை வேண்டாம்.

அடுத்து, ஒரு பழைய நோட்டை எடுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், எப்போது நனைந்தது என்று மூன்று நாள் எழுதுங்கள். அந்த வீட்டில் இந்த வேலையை என் மாணவியே செய்தாள். டாக்டருக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

பிறகு நேரம் வைத்து அழைத்துப் போங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும். "வருதா, வரலியா?" என்று எல்லார் முன்னும் கேட்காதீர்கள். "வாங்க பாட்டி, ஒரு நடை போயிட்டு வந்துடுவோம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். நனையாமல் இருந்த நாளில் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நனைந்த நாளில் பேசாமல் மாற்றிவிடுங்கள்.

தசையைப் பலப்படுத்தப் பயிற்சியும் உண்டு. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னல்டு கீகல் 1948-இல் இதைப் பற்றி எழுதினார். காற்றை அடக்குவதுபோல் அடித்தசையைச் சுருக்கி, சில விநாடி நிறுத்தி, தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இது செலவில்லாத வைத்தியம். பிள்ளை பெற்ற இளம் தாய்மார்கள் இப்போதே தொடங்கலாம்.

இரவில் நனைவதைவிட விழுவதுதான் பெரிய ஆபத்து. படுக்கை அருகே ஒரு விளக்கும், நடுவில் துளையுள்ள கழிவறை நாற்காலியும் வையுங்கள். தாத்தாவுக்குச் சிறுநீர்க் குப்பி போதும். இறுக்கி முடிச்சுப் போட்ட உடுப்பு வேண்டாம். கால் வீங்குகிறவர்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்தால், காலில் தேங்கிய நீர் பகலிலேயே இறங்கிவிடும்.

தோலையும் கவனியுங்கள். நனைந்தவுடன் மிருதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வாஸலினை மெல்லியதாகத் தடவுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பவுடரைக் கொட்டினால் அது மடிப்புகளில் திரண்டு உறுத்தும். பெம்பர்ஸ் போடுவது தவறில்லை. ஆனால் அது இருக்கிறதே என்று காலையில் போட்டதை மாலை வரை விடக்கூடாது. படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். நம் வசதிக்காக மட்டும் குழாய் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். குழாய் வழியே கிருமி ஏறும்.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், திடீர்க் குழப்பப் பேச்சு, வயிறு உப்பியும் சிறுநீர் போகாமை, கால் திடீரென மரத்துப்போவது அல்லது பலமிழப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நமக்குத் தூரமில்லை. ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயாவில் அரசாங்கக் கிளினிக் உண்டு. தஞ்சோங் காராங்கில் மருத்துவமனை உண்டு. படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே வந்து கவனித்து, குடும்பத்தாருக்கும் பழக்கிக் கொடுக்கும் சேவையைச் சுகாதார அமைச்சு 2014-இல் தொடங்கியது. உங்கள் வட்டாரத்தில் அது உண்டா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். வருமானம் குறைந்த குடும்பமானால், படுக்கையில் இருப்பவரைப் பராமரிக்கச் சமூக நல இலாகாவிடம் உதவித் தொகைக்கும் மனுச் செய்யலாம்.

அந்தப் பாட்டிக்கு முற்றிலும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வாரத்தில் ஓரிரு இரவு இன்னும் நனைகிறது. பாய்க்கு மேல் விரிக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பும், மாற்ற இரண்டு துணியும் இருப்பதால் மருமகளுக்கு வேலை குறைந்திருக்கிறது. போன மாதம் தோட்டத்துக் கோயில் பூசைக்குப் பாட்டி வந்திருந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வெளியே வந்தாராம். பேத்தி கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது.

நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள் நாம் எத்தனை முறை மடியை நனைத்தோம் என்று எண்ணி வைத்தார்களா? இதைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.