காப்பியில் பூசணம்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குப்பத்தில் உப்பு கசியும். காப்பித் தூளும் ஈரத்தை இழுக்கும். சிக்கரி கலந்த தூள் இன்னும் விரைவாகக் கட்டி தட்டும். கட்டி தட்டியதெல்லாம் பூசணமன்று. ஆயினும் பூசணத்திற்கு வழி திறப்பது ஈரமே.

அரக்குப் பள்ளத்தாக்கிலும் சிக்கமகளூரிலும் பழத்தைப் பறித்ததும் களத்தில் உலர்த்துவது இதற்காகவே. பச்சைக் கொட்டையில் ஈரம் 100-க்கு 12.5 பங்கைத் தாண்டலாகாது என்பது 2009-ல் கோடெக்ஸ் என்னும் உலக உணவு விதிக்குழு வகுத்த நெறி. சில பூசணங்கள் விளைவிக்கும் ஓக்ராடாக்சின் என்னும் நஞ்சு 1965-ல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. அது சிறுநீரகத்தைத் தாக்க வல்லது. வறுத்தால் குறையும், முற்றும் நீங்காது. ஆகவே, பூசணம் பூத்த கொட்டையைத் துடைத்து வறுத்துக்கொள்வது சிக்கனமாகாது.

கும்பகோணத்துத் தூளே வேண்டுமென்று இரண்டு கிலோ சுமந்து வருவோர் நம்முள் உளர். பற்று நன்று, மூன்று மாதம் கிடந்த தூளில் மணம் ஏது? இங்கேயே வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்து வாங்குக. தூள் டப்பாவுள் ஈரக் கரண்டி புகலாகாது. குளிர்பெட்டியில் வைப்போர், வெளியே எடுத்தவுடன் திறத்தல் கூடாது. குளிர்ந்த தூளின்மேல் நீர் பூக்கும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் பில்டரிலுள்ள சக்கையை மறந்துவிடுகிறோம். அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்த பின்னரே வீட்டைப் பூட்டுக. தூளில் மண்வாடை வீசுமாயின், விலையை எண்ணாது எறிந்துவிடுக.