அடுப்பங்கரைப் பக்கம்: கொல்லைக் காயும் புரட்டாசிச் சமையலும்



ஆகஸ்டு பிறந்து செப்டம்பர் முடியும் வரையில் நம் மேற்குக் கரைப் பக்கம் கொஞ்சம் வெயில் காயும் காலம். தென்மேற்குக் காற்று அடித்து ஓய்கிற நேரம் இது. அக்டோபர் வந்துவிட்டால் மாலை தவறாமல் இடியும் மழையும்தான். அந்த மழை தொடங்குமுன் கொல்லையில் காய்கள் வந்து குவியும். பயத்தங்காய், வெண்டை, கத்தரி, பாகல், பீர்க்கு, புடலை, கீரை வகைகள் எல்லாம் மலிந்து கிடக்கும். செப்டம்பர் நடுவில் புரட்டாசியும் பிறந்துவிடும். ஒரு மாதம் மீனும் கறியும் இல்லாமல் சமைக்க வேண்டும். "தினமும் சாம்பாரா?" என்று வீட்டுக்காரரும் பிள்ளைகளும் முகத்தைச் சுளிக்குமுன் இந்த மாதப் பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லை என்று நான் சொல்வது பெரிய பண்ணையை அல்ல. செம்பனை ஓரத்திலும், பழைய லயத்துப் பின்புறத்திலும், பட்டணத்துக்கு வெளியே ஆற்றோரத்திலும் ஒரு குடும்பம் தன் கையால் கொத்திப் பயிர் செய்கிற அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தைத்தான் சொல்கிறேன். காலையில் பறித்த காயை மோட்டார் சைக்கிளில் கட்டி லய வாசலுக்கும் அடுக்குமாடி வீட்டு வாசலுக்கும் கொண்டுவருகிறவர்கள் அவர்கள்தான்.

கொல்லை நமக்குப் புதிதல்ல

தோட்டத்து வாழ்க்கையில் காய்கறிக் கொல்லை ஆதியிலிருந்தே உண்டு. வெள்ளைக்காரர் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பம் உள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் 1/16 பங்கு நிலம் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கண்ணில் படாத நாட்களில் மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான் பல குடும்பங்களின் வயிற்றை நிரப்பின. பிறகு 1974-ல் துன் அப்துல் ரசாக் காலத்தில் பச்சைப் புத்தகத் திட்டம் வந்தது. வீட்டைச் சுற்றிச் சும்மா கிடக்கும் இடத்தில் காய்கறி போடுங்கள் என்று அரசாங்கமே ஊர் ஊராகச் சொன்னது.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தை விட்டு மாடி வீட்டுக்குப் போன சகோதரிகள் ஏராளம். அவர்கள் கைக்குக் கொல்லை எட்டாது. ஆனால் கொல்லை வைத்திருப்பவரின் காய் எட்டும். அதை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைப்பது என்பதே இந்த மாதப் பேச்சு.

பறித்த காய் காத்திருக்காது

பறித்த பிறகும் காய்க்கு உயிர் உண்டு. அது மூச்சுவிடும், தன்னிடமுள்ள சர்க்கரையைத் தானே செலவழிக்கும், தண்ணீரை இழந்துகொண்டே போகும். நம் ஊர் வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கும். காலையில் பறித்த பயத்தங்காய் ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும். மூன்று நாள் லாரியிலும் கடையிலும் கிடந்தது ரப்பர் மாதிரி வளையும். கீரையில் உள்ள வைட்டமின் சி சத்தும் இப்படியே நாளுக்கு நாள் குறையும். பக்கத்துக் கொல்லைக் காய்க்குத் தனி ருசி இருப்பதற்கு இதுதான் காரணம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: வெண்டைக்காயின் நுனி ஒடிய வேண்டும். பூ பூத்து ஐந்தாறு நாளில் பறித்தால்தான் அது பிஞ்சு, அதற்குமேல் நார். கத்தரிக்காய் கைக்குக் கனமாகவும் தோல் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். மங்கிப் போயிருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். 'கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும்' என்பார்கள். முற்றுமுன்னே கொல்லைக்காரரிடம் போய்விடுங்கள். பயத்தங்காய் கோணலாக இருப்பதாலோ, கீரை இலையில் ஓரிரு ஓட்டை இருப்பதாலோ ஒதுக்க வேண்டாம். ருசிக்குக் கோணல் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் ஐஸ்பெட்டியில் திணித்துவிடாதீர்கள். கத்தரி, வெண்டை, பயத்தங்காய், வெள்ளரி ஆகியவை கடுங்குளிர் தாங்காதவை. இரண்டு மூன்று நாளில் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து அழுகிவிடும். ஈரமில்லாமல் துடைத்து, மெல்லிய துணியில் சுற்றி, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

பயத்தங்காய் நெத்திலிப் பிரட்டல்

புரட்டாசிக்கு முன் ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். ஐந்து பேருக்குப் போதும்.

பயத்தங்காய் ½ கிலோ, காய்ந்த மிளகாய் 8, சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், நெத்திலி ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு, எண்ணெய் 3 மேசைக்கரண்டி.

மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, வெங்காயம் பூண்டோடு உரலில் நொறுநொறுவென்று இடித்துக்கொள்ளுங்கள். நைசாக அரைக்க வேண்டாம். நெத்திலியைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, சிறு தீயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தனியே எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் கறிவேப்பிலையும் இடித்த விழுதும் போட்டு, எண்ணெய் பிரிந்து பச்சை வாடை போகும்வரை வதக்குங்கள். இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்கிய பயத்தங்காயைப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். திறந்து, தண்ணீர் வற்றும்வரை பிரட்டி, கடைசியில் நெத்திலியைச் சேருங்கள். உப்பை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். நெத்திலியிலேயே உப்பு இருக்கிறது. ருசி பார்த்துப் போடுங்கள்.

புரட்டாசியில் நெத்திலிக்குப் பதில் தெம்பேயை விரல் அகலத்துக்கு நறுக்கி, மஞ்சள், உப்பு தடவிப் பொரித்துச் சேருங்கள். தெம்பே சோயா மொச்சையில் செய்வது. மீனும் கறியும் இல்லாத மாதத்தில் உடம்புக்கு வேண்டிய புரதம் அதில் தாராளமாக உண்டு.

கத்தரிக்காய் மொச்சைக் குழம்பு

காய்ந்த மொச்சை 100 கிராமை இரவே ஊறவைத்து, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டு மொச்சை வயிற்றைப் புரட்டும்.

சின்னக் கத்தரிக்காய் 300 கிராமை நான்காகப் பிளந்து தண்ணீரில் போட்டு வையுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு 8 பல், தக்காளி 2 வதக்குங்கள். கத்தரிக்காயைப் போட்டுத் தோல் நிறம் மாறும்வரை வதக்கிய பின் குழம்பு மசாலைத்தூள் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சை அளவு புளியின் கரைசல், உப்பு, வெந்த மொச்சை சேர்த்துக் கொதிக்க விடுங்கள். குழம்பு சுண்டி எண்ணெய் மிதக்கும்போது அரைக் கோப்பை தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். காலையில் வைத்தது மாலையில் இன்னும் ருசிக்கும்.

சின்னச் சின்னக் கைமுறை

வெண்டைக்காய் வழவழக்கிறது என்று பலர் குறைபடுகிறார்கள். நறுக்குமுன் கழுவி முற்றும் துடைத்துவிடுங்கள். அகலமான வாணலியில், மூடாமல், நல்ல தீயில் வதக்குங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். வழவழப்பு ஓடிவிடும்.

பசலையோ முளைக்கீரையோ கிடைத்தால், ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றைத் துண்டாக்கி வேகவைத்து, வெங்காயம், இஞ்சி தட்டிப் போட்டு, தேங்காய்ப்பாலில் கீரையைச் சேர்த்து ஒரு கொதியில் இறக்குங்கள். மலாய்க்காரச் சகோதரிகளின் சாயூர் லெமாக் இதுதான். கார்க் குழம்புச் சோற்றுக்கு நல்ல ஜோடி.

பீர்க்கங்காய்த் தோலை வீசிவிடாதீர்கள். எண்ணெயில் வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், புளி, உப்பு வைத்துத் துவையல் அரையுங்கள். ஆனால் தோலைச் சாப்பிடுவதானால் அது யார் கொல்லைக் காய், எப்போது மருந்து அடித்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று எச்சரிக்கை

முதலாவது, கசப்பு. பாகற்காய் கசக்கலாம், அது அதன் குணம். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் கசக்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியில் சில சமயம் கடுங்கசப்புக் காய் காய்க்கும். அந்தக் கசப்பு விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு இரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோகும். சமைத்தாலும் போகாது. நறுக்கும்போதே நுனி நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால், காசு போனாலும் போகட்டும், கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது, செக்கூர் மானிஸ் கீரை. நம் வேலியிலேயே வளரும் நல்ல கீரை இது. முட்டையோடு பிரட்டினால் பிரமாதம். ஆனால் பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்காதீர்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டி இப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் கெட்டுப் போயிற்று. சிலர் இறந்தும் போனார்கள். அளவாக, வேகவைத்துச் சாப்பிடுங்கள். மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். தோல் நீக்கி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் முழுதும் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. அது மருந்து. தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த சகோதரிகளுக்கு அதன் கொடுமை தெரியும். பாராகுவாட் என்ற மருந்தை நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். ஒரு வாய் உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. தடை வந்தாலும் பழைய டின் எங்காவது மூலையில் கிடக்கலாம். வேறு மருந்துகளும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே மருந்து டின்னைக் கழுவி, செடிக்குத் தண்ணீர் ஊற்றவோ அரிசி போட்டு வைக்கவோ எடுக்காதீர்கள். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். தாகத்தில் வந்த பிள்ளை எடுத்துக் குடித்துவிடும்.

காய்க்கு அடிக்கும் பூச்சிமருந்து ஒவ்வொன்றுக்கும், அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. அது டின்னின் மேலேயே அச்சாகியிருக்கும். கத்தரிக்காயையாவது சில நாள் விட்டுப் பறிக்கலாம். பயத்தங்காய் காய்க்கத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், இல்லையேல் முற்றிவிடும். ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அடித்துவிட்டு மறுநாளே பறித்தால், அது நேரே நம் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் மேலே ஒட்டியது போகும். உள்ளே ஊறியது போகாது. சவர்க்காரம் போட்டுக் கழுவுவதும் கூடாது.

இங்கேதான் தெரிந்த கொல்லைக்காரரின் அருமை. மூட்டையில் வரும் காயிடம் கேள்வி கேட்க முடியாது. கொல்லைக்கார அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்கலாம்: "அண்ணே, கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள்?" நாலு வீட்டுப் பெண்கள் வாரா வாரம் இதைக் கேட்டால், அவரும் நாள் கணக்கு வைத்துக்கொள்வார்.

அவர்களும் வாழ வேண்டும்

பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தச் சிறு விவசாயிகளில் பலருக்கு நிலம் சொந்தமில்லை. தற்காலிக உரிமத்தில் பயிர் செய்கிறார்கள். அந்த உரிமம் அந்தந்த ஆண்டு டிசம்பரோடு முடியும். மறுபடி புதுப்பித்தால்தான் உண்டு. உரிமமே இல்லாதவரும் இருக்கிறார்கள். மேம்பாட்டுக்காரர் வந்தால் ஒரு நோட்டீசில் கொல்லை போய்விடும். பேரங்காடியில் விலைச்சீட்டைப் பார்த்து மறுபேச்சில்லாமல் கொடுக்கிற நாம், கொல்லைக்காரரிடம் ஐம்பது காசுக்கு மல்லுக்கு நிற்பது நியாயமா?

நம் உடம்பையும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்தான் அதில் முன்னால் நிற்கிறார்கள். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' கணக்கு எளியது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் சோறு மலையாகவும் காய் ஊறுகாய் அளவிலும் இருப்பதை மாற்ற, காய் மலிந்த இந்த இரண்டு மாதத்தைவிட நல்ல சமயம் ஏது?

மாடி வீட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஓட்டை போட்ட பழைய வாளி ஒன்றில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பிக் கங்குங் விதையைத் தூவுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் 25 முதல் 30 நாளில் நறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் இரண்டங்குலம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு உங்கள் கையால் வளர்த்த கீரை வேண்டுமானால், ஆகஸ்டு நடுவிலேயே விதை போட்டுவிட வேண்டும்.

அடுத்த மாதம் தீபாவளிப் பலகாரங்களைப் பற்றிப் பேசுவோம். அச்சு முறுக்குக்கு மாவு பதம் கேட்டு எழுதிய சகோதரிகளுக்கு அதில் பதில் வரும்.