பனிக்கும் உண்டு 144!

எம்.எஸ். கனவோட ஜி.ஆர்.இ. புக்கைப் புரட்டுற மக்களே... ஸ்னோன்னா நமக்கு டூயட் ஞாபகம் வரும். அமெரிக்காவுல கார் வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க, கார் தூக்குற வண்டிதான் ஞாபகம் வரும்!

மினியாபோலிஸ்ல 'ஸ்னோ எமர்ஜென்சி' அறிவிச்சா மூணு நாள் கூத்து. முதல் நாள் ராத்திரி 9 மணியிலிருந்து காலை 8 வரை, அதுக்குன்னு குறிச்சு வச்ச முக்கிய ரோடுகள்ல ரெண்டு பக்கமும் பார்க்கிங் கிடையாது. ரெண்டாம் நாள் காலை 8-லிருந்து ராத்திரி 8 வரை மற்ற தெருக்கள்ல இரட்டைப்படை வீட்டு நம்பர் பக்கம் நிறுத்தக்கூடாது. மூணாம் நாள் ஒற்றைப்படைப் பக்கம். பனி தள்ளுற வண்டிக்குக் குறுக்கே நின்னா அபராதம், கூடவே காரையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

ஒஹாயோவுல கவுண்டி ஷெரீஃப் வச்சதுதான் சட்டம். லெவல் 1-ன்னா பார்த்துப் போ. லெவல் 2-ன்னா ரொம்ப அவசியம்னா மட்டும் போ. லெவல் 3-ன்னா ரோடு க்ளோஸ். மீறி சுத்தினா கைதுகூட ஆகலாம்.

பனிக்குப் போய் இவ்வளவு பில்டப்பானு கேட்காதீங்க. 1978 பிப்ரவரி பனிப்புயல்ல பாஸ்டனைச் சுத்தி ஓடுற ரூட் 128-ல சுமார் 3,000 கார், 500 லாரி அப்படியே புதைஞ்சு நின்னுச்சு. 2013 பிப்ரவரி 8-ல இன்னொரு பெரிய புயல் வந்தப்போ, மாசசூசெட்ஸ் கவர்னர் டெவல் பேட்ரிக் மதியமே அறிவிச்சுட்டார்: சாயங்காலம் 4 மணிக்கு மேல ரோட்டுல கார் வந்தா ஒரு வருஷம் வரை ஜெயில், 500 டாலர் வரை ஃபைன். கடுப்பானவங்க உண்டு. ஆனா, வீடு போய்ச் சேர டைம் கிடைச்சுது பாருங்க!

அந்த டைம்தான் 2022 டிசம்பர் 23-ல பஃபலோவுல கிடைக்கலை. கவுண்டியோட டிரைவிங் தடை காலை 9.30-க்குத்தான் அமலுக்கு வந்துச்சு. அதுக்குள்ள பல பேர் டியூட்டிக்குக் கிளம்பியாச்சு. அந்தப் புயல்ல 40-க்கும் மேல உயிர்கள் போச்சு. சிலர் இறந்தது கார்லயே. போலீஸ், ஆம்புலன்ஸ்கூட நகர முடியாத நிலைமை. தடையை முந்தின நாள் ராத்திரியே போட்டிருக்கணும்னு அப்புறம் ஏகப்பட்ட விமர்சனம்.

நம்ம கட்சியும் அதான். 'ஜாக்கிரதையா போங்க'ன்னு அட்வைஸ் மட்டும் வந்தா, மணிக்கூலிக்கு வேலை பார்க்கிறவங்க லீவு கேட்க முடியுமா? ரோட்டுக்கே தடைன்னாதான் முதலாளி 'சரி, வர வேண்டாம்'பார்.