காசநோயும் தனித்தட்டும்

நமது ஊர்களில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்துவிட்டால், வீட்டார் முதலில் தேடுவது மருந்தையல்ல. ஒரு தனித்தட்டையும் ஒரு தனிச் செம்பையுந்தான். நோயாளி ஆணானால் திண்ணையில் படுக்கை போடப்படும். பெண்ணானால், "உடம்பு தேறினபின் வரலாம்" என்ற மரியாதைச் சொல்லோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பப்படுவாள். இதற்குப் பயந்தே இலுப்பூர் போன்ற ஊர்களிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருமலை முந்தானையில் மறைத்துக்கொண்டு, கயிறு மந்திரிக்கவும் ஜாதகம் பார்க்கவும் போகிறவர்கள் இருக்கிறார்களேயொழிய, சளியைச் சோதிக்க முன்வருவதில்லை. இந்தத் தனித்தட்டுக்கு ஏதேனும் ஆதாரமுண்டா என்பதே நமது கேள்வி.

காசநோய் முன்ஜென்ம வினையுமல்ல, வம்ச தோஷமுமல்ல. அதற்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற அறிஞர் 1882-ம் வருஷம் மார்ச் 24-ந் தேதி வெளியிட்டார். நோயாளி இருமும்போது அக்கிருமி காற்றில் கலந்து பிறர் மூச்சில் நுழைகிறதேயல்லாமல், தட்டிலும் செம்பிலும் உட்கார்ந்து பரவுவதில்லை. ஆகவே தட்டைப் பிரிப்பதால் கிருமிக்கு ஒரு நஷ்டமுமில்லை, மனிதனுக்குத்தான் அவமானம்.

"காற்றில் பரவுமென்றால் நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களுங்கூட, நல்ல காற்றும் நல்ல உணவும் மாதக்கணக்கான ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில் வைத்தால்தான் நோய் தீரும் என்று நம்பினார்கள். தாம்பரத்தில் 1928-ல் சானடோரியம் ஏற்பட்டதும் அந்த நம்பிக்கையின்பேரில்தான். ஆனால் படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகளோ ஏராளம்.

இந்நிலையில் 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் ஆராய்ச்சியை நடத்தினார். பெரியவர்கள் சொல்லிவிட்டார்களே என்று அவர்கள் சும்மாயிருக்கவில்லை. சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை, எவருடைய தயவுதாட்சண்யமும் குறுக்கிடாதபடி சீட்டுப் போடுவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை நெருக்கமும் வறுமையும் நிறைந்த அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

முடிவு 1959-ல் வெளிவந்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கும், வீட்டில் 100-க்கு 86 பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்ததில் இரு பிரிவும் ஏறக்குறைய சமமாகவே நின்றன. அன்றியும், நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் அதிகமாக வரவுமில்லை. ஏனெனில் பரவவேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுமுன்பே பரவிவிடுகிறது. சரியான மருந்து தொடங்கியதும் பரப்பும் சக்தி விரைவில் குறைந்துவிடுகிறது.

இதிலிருந்து ஏற்படுவதென்ன? மருந்து சாப்பிடுகிறவரால் ஊருக்கு ஆபத்தில்லை. ஒளிந்துகொண்டு இருமுகிறவரால்தான் ஆபத்து. அவரை ஒளியச் செய்வது எது? இந்தத் தனித்தட்டுதான். ஆகவே நோயைத் தடுப்பதாகச் சொல்லி நாம் செய்யும் காரியமே நோயை வளர்க்கிறது.

நிற்க, ஆராய்ச்சிக்காரர்களின் யோக்கியதைக்கு மற்றொரு உதாரணமும் சொல்லுவோம். பி.சி.ஜி. ஊசியின் பலனைச் சோதிக்க, 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரிடம் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று கண்டதும், அதை ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். சிசுக்களுக்குக் கடுமையான காசநோய் வராமல் காப்பதால் இன்றும் அவ்வூசி போடப்படுகிறது. தனது ஜோசியம் இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று கணக்கு வெளியிட்ட ஜோசியர் ஒருவரையாவது வாசகர்கள் கண்டதுண்டா?

இலுப்பூருக்குப் பக்கத்து விராலிமலையில் முருகனுக்குச் சுருட்டுப் படைப்பது யாவருக்கும் தெரியும். கல்லுக்கு நுரையீரல் இல்லையாதலால் அதற்குக் கெடுதியில்லை. நமக்கு நுரையீரல் இருக்கிறதே! தமிழ்நாட்டில் இறந்த சுமார் 43,000 ஆண்களைப்பற்றி நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காசநோயால் சாவது புகைப்பவரிடையே மற்றவரைப்போல் சுமார் நான்கு மடங்கு என்று கண்டார்கள். கல்லுடைக்கும் தூசியை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளிக்கும் இந்நோய் சுலபமாக வருகிறது. வயிறு காய்ந்தவனையும் இது விடாது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த பரீட்சையில், நோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப்பொருள் கூடுதலாகக் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 100-க்கு 39 பங்கு குறைந்தது. தூசியையும் பட்டினியையும் ஒழிப்பதும் வைத்தியத்தைச் சேர்ந்ததே என்பதைச் சர்க்காரும் முதலாளிகளும் உணரவேண்டும்.

ஆகவே தோழர்களே! இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நின்றபாடில்லையானால் சளியைச் சோதியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து போதும். ஆனால் இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்தினால் கிருமி மருந்தையே எதிர்க்கப் பழகிவிடும். முதல் சில வாரங்கள் வாயை மூடி இருமுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள், வீட்டிலுள்ள எல்லோரையும் சோதியுங்கள். மிகவும் மெலிந்து, எழுந்து நிற்கவும் முடியாதவரை ஆஸ்பத்திரியில் சேருங்கள். அப்படிப்பட்டவர்களை முதலிலேயே கண்டுபிடித்துச் சேர்க்கவே 2022-ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது.

மற்றபடி, பிறந்த வீட்டுக்கு அனுப்பிய பெண்ணைத் திரும்ப அழைத்துவாருங்கள். எல்லோரும் சாப்பிடும் பந்தியிலேயே, எல்லோருக்கும் போடும் தட்டிலேயே அவளுக்கும் சோறு போடுங்கள். ஒரு முட்டையும் கூட வையுங்கள்.