ஒற்றுமை வியாபாரம்

கென்யாவில் தேர்தல் வந்தால் கூடவே ஒரு கிண்டலும் வந்துவிடும். 'லுஹ்யாக்காரன் என்றைக்கு ஒண்ணு சேர்ந்தான்?' கிகுயுக்கள் ஒரே பக்கம் சாய்வார்களாம். லுவோக்கள் ஒரே பக்கம் நிற்பார்களாம். இவர்கள் மட்டும் நாலா பக்கமும் சிதறி ஓட்டுப் போட்டு ஏமாளி ஆகிறார்களாம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் கிண்டலில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லுஹ்யாக்கள் 68 லட்சம் பேர். 81 லட்சம் கிகுயுக்களுக்கு அடுத்தபடி நாட்டின் இரண்டாவது பெரிய சமூகம். ஆனால் 1963-ல் சுதந்திரம் வந்ததிலிருந்து 2022 தேர்தல் வரை ஜனாதிபதியான ஐந்து பேரில் மூன்று பேர் கிகுயு, இரண்டு பேர் கலெஞ்சின். ஒருத்தர்கூட லுஹ்யா கிடையாது. எனவே, 'ஒன்றுபடுங்கள்' என்று ஆளாளுக்கு உபதேசம்.

இதைவிடப் பெரிய ஏமாற்று வேலை அந்த ஊர் அரசியலில் இல்லை என்பேன்.

முதலில், யார் இந்த லுஹ்யாக்கள்? விக்டோரியா ஏரிக்கும் எல்கன் மலைக்கும் நடுவே, உகாண்டா எல்லையை ஒட்டி வாழ்கிற பதினேழு, பதினெட்டு பிரிவுகளின் கூட்டுப் பெயர் அது. புக்குசு, மரகோலி, வாங்கா, இசுகா, இடாகோ, திரிகி, சாமியா என்று பட்டியல் நீளும். எல்லோரும் பேசுவது பான்டு குடும்பத்து மொழிகள்தான். அதற்காக ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்கு அப்படியே புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரு புக்குசுவும் ஒரு மரகோலியும் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் மொழியில் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேரும் ஸ்வாஹிலிக்குத் தாவ வேண்டியிருக்கும்.

'ஒரே தலைவன் கீழே எல்லோரும்' என்ற யோசனையை இவர்கள் மேல் முதலில் திணித்தது யார் தெரியுமா? வெள்ளைக்காரன். வாங்கா மன்னர் நபோங்கோ மும்யா பிரிட்டிஷாருக்கு இடம் கொடுத்தார். எதிர்த்து நின்ற புக்குசுக்களை அதே பிரிட்டிஷார் 1895-ல் லும்போகா, செட்டாம்பே கோட்டைகளில் சுட்டு நொறுக்கினார்கள். 1909-ல் மும்யாவைப் பெருந்தலைவர் ஆக்கினார்கள். வாங்கா ஆட்கள் மற்ற பிரிவுகளின் ஊர்களுக்குத் தலைவர்களாகப் போய் உட்கார்ந்தார்கள். வரி வசூலிக்க ஒரே வாசல் இருந்தால் துரைக்கு வசதி. ஆளப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்கிருந்தோ வந்தவன் எங்களுக்குத் தலைவனா என்று எதிர்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியானால் இவர்கள் சேரவே இல்லையா? சேர்ந்தார்கள். காரணம் இருந்தபோது சேர்ந்தார்கள்.

'இந்த நிலம் என்றென்றைக்கும் உங்களுக்கே' என்று 1930-ல் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டது. அடுத்த வருஷமே ககமெகாவில் தங்கம் கிடைத்தது. 'என்றென்றைக்கும்' என்றால் ரெண்டு வருஷம் என்று 1932-ல் புரிந்தது! மாற்று நிலம் தராமலே சுரங்கத்துக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தையே திருத்தினார்கள். காலடி மண் போய்விடும் என்ற பயத்தில்தான் மிஷன் பள்ளியில் படித்த இளைஞர்கள் சங்கம் கட்டினார்கள். அரசாங்கம் வைத்திருந்த 'பான்டு கவிரோண்டோ' என்ற பெயரை உதறிவிட்டு 'அபலுஹ்யா' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற இடத்துக்கு 'ஒலுஹ்யா' என்று பெயர். அதிலிருந்து வந்தது. ஆக, ஆதிகாலத்துப் 'பழங்குடிப் பெயர்' என்று எல்லோரும் நினைக்கிற இதற்கு நூறு வயது கூட ஆகவில்லை.

அந்த ஒற்றுமையும் யாரும் தன் மொழியைத் தொலைத்துக்கொண்டு வந்த ஒற்றுமை அல்ல. எல்லோருக்கும் பொதுவாக ஒரே எழுத்து லுஹ்யாவை உருவாக்க 1940-களில் மிஷனரிகள் முயன்றார்கள். மரகோலிகள் மசியவில்லை. 1951-ல் தங்கள் மொழியிலேயே முழு பைபிளை அச்சில் பார்த்தார்கள். புக்குசுக்களும் தங்கள் மொழியை விடவில்லை. நிலத்துக்காகச் சேர்வோம், நாக்கை அடகு வைக்க மாட்டோம் என்கிற தெளிவு அது.

இப்போதைய ஒற்றுமைக்கு வருவோம்.

2016 டிசம்பர் 31. ககமெகாவில் புகுங்கு மைதானம். பெரிய கூட்டம் கூட்டி முசாலியா முடவாடியை லுஹ்யாக்களின் குரல் என்று அறிவித்தார்கள். 2013-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று நாடு முழுக்க 4 சதவீதத்தைக்கூடத் தொடாதவர் அவர். சரியாக ஐந்து வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 31. அதே மைதானம். அதே 'ஒற்றுமை'. இந்த முறை ஆதரவு ரைலா ஒடிங்காவுக்கு. 2025 அக்டோபரில் கேரளத்தில் சிகிச்சைக்கு வந்த இடத்தில் இறந்துபோனாரே, அவரேதான். அவர் லுவோ!

முடவாடி அதற்குள் வேறு கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். 2022 தேர்தலுக்கு முன் அவரும் புக்குசு தலைவர் மோசஸ் வெட்டாங்குலாவும் வில்லியம் ரூட்டோவோடு ஒப்பந்தம் போட்டார்கள். மேற்குப் பகுதி ஓட்டில் 70 சதவீதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் அரசாங்கத்தில் 30 சதவீதப் பங்கு. கரும்பை லோடு கணக்கில் பேசுவது மாதிரி மனிதர்களைப் பேசியிருக்கிறார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? புங்கோமா மாவட்டம் ரூட்டோவுக்குப் போட்டது. ககமெகா, புசியா மட்டுமல்ல, முடவாடியின் சொந்த மாவட்டமான விஹிகாவும் ஒடிங்காவுக்குப் போட்டது. சரக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஆனால் தரகு மட்டும் வந்துவிட்டது. ரூட்டோ ஜெயித்ததும் முடவாடி தலைமை அமைச்சரவைச் செயலர் ஆனார். வெட்டாங்குலா சபாநாயகர் ஆனார்.

'பதவி கிடைத்தால்தானே ஊருக்கு நல்லது நடக்கும்' என்பீர்கள். 2003-லிருந்து 2008 தொடக்கம் வரை துணை ஜனாதிபதி நாற்காலியில் அடுத்தடுத்து இருந்த வமால்வா, அவோரி இருவருமே லுஹ்யாக்கள். பிறகு முடவாடி துணைப் பிரதமர். இத்தனை பேர் நாற்காலியில் இருந்தும், அந்தப் பகுதிக்கே சோறு போட்ட மும்யாஸ் சர்க்கரை ஆலை தப்பவில்லை. ஒரு காலத்தில் நாட்டிலேயே பெரிய ஆலை அது. கரும்புக்காரனுக்குப் பணம் பாக்கி வைத்து, நொடித்து, 2019-ல் கடன் கொடுத்த வங்கியின் கைக்குப் போனது.

கரும்புக்கு விலை கேட்க ஒன்று சேரட்டும். பாக்கியை வசூலிக்க ஒன்று சேரட்டும். 1930-களில் மண்ணைக் காப்பாற்றச் சேர்ந்த மாதிரி சேரட்டும். மொத்தமாக விற்கப்படுவதற்காகச் சேர வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஒவ்வொருத்தரும் தன் புத்திப்படி ஓட்டுப் போடுவதற்குப் பெயர் சிதறல் என்றால், அந்தச் சிதறல் நன்றாகவே இருக்கட்டும்.

அடுத்த முறை புகுங்கு மைதானத்தில் யாராவது மைக்கைப் பிடித்து 'நாம் ஒன்றுபட வேண்டும்' என்று ஆரம்பித்தால், கூட்டத்திலிருந்து யாராவது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்:

"அதெல்லாம் சரி ஐயா, இந்தத் தடவை எத்தனை சதவீதம்?"